பழைய டிராக் ரேஸ் படங்களுக்கு ஆண்டு கண்டுபிடிப்பது

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கலிபோர்னியாவில் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது விற்ற சாமான்களில் ஒரு பெட்டி ஸ்லைடு, அதுவும் முழுக்க டிராக் ரேஸ் (நேர்த் தடத்தில் இரண்டு கார்கள் முட்டிப் பார்க்கும் கால் மைல் பந்தயம்) என்றால் உனக்கு யோகம்தான். ஆனால் உறைமேல் பேனாவில் எழுதியிருக்கும் ஆண்டை நம்பி அடுக்க ஆரம்பித்துவிடாதே. அப்படி எழுதுவதெல்லாம் பல வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதுவது. கோடாக் ஆய்வகத்தில் கழுவியதாக இருந்தால் அட்டைச் சட்டத்திலேயே மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அதுவும் கழுவிய தேதிதான், எடுத்த தேதி இல்லை. பாதி ரோல் கேமராவிலேயே ஆறு மாதம் கிடப்பது சகஜம். 'ஜனவரி 67' என்று இருந்தால் 66 சீசனாக இருக்கலாம்.

காரைப் பார்த்தே வயது சொல்லிவிடலாம். முதலில் புறப்படும் கோட்டைப் பார். கொடியோடு ஓர் ஆள் துள்ளிக்கொண்டிருந்தால் அநேகமாக 1963க்கு முந்தையது. அந்த வருடம் இண்டியானாபொலிஸ் நேஷனல்ஸில்தான் புறப்படச் சைகை காட்டும் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' விளக்குக் கம்பம் வந்தது. சின்ன ஸ்ட்ரிப்களில் (பந்தயத் தடங்களில்) அதன் பிறகும் கொடி ஓடியது, ஆகவே கொடியை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. கம்பம் தெரிந்தால் மஞ்சள் விளக்குகளை எண்ணிப் பார். ஆரம்பத்தில் ஐந்து, மூன்றாகக் குறைந்தது 1986இல்.

அடுத்தது புகை. இதில்தான் பலரும் ஏமாறுவார்கள். அறுபதுகளின் நடுவில் டாப் ஃப்யூவல் காருக்கு (நைட்ரோமீத்தேனில் ஓடும் அதிவேக வகுப்பு) கியர்பாக்ஸ் கிடையாது. கிளட்சும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வேகம் ஏறும்வரை எங்காவது வழுக்கியாக வேண்டுமே, அந்த வேலையைப் பின் டயர்கள் செய்தன. அதனால் கால் மைலான 1320 அடியில் பெரும்பகுதி வரை புகைந்துகொண்டே போகும். அறுபதுகளின் கடைசியில் வழுக்கிப் பிடிக்கும் கிளட்ச் வந்ததும் அந்தப் புகை போய்விட்டது. அதற்குப் பதிலாக, டயரைச் சூடாக்க ஓட்டத்துக்கு முன்பே தண்ணீரிலோ பிளீச்சிலோ சக்கரத்தைச் சுழற்றும் பர்ன்அவுட் வந்தது. படத்தில் புகையோடு விளக்கு எதுவும் எரியாமல், பக்கத்திலோ முன்னாலோ ஒரு மெக்கானிக் நின்று கை காட்டிக்கொண்டிருந்தால் அது பர்ன்அவுட். ஆளே இல்லாமல், ஸ்ட்ரிப்பின் பாதி தூரத்தில் புகை மூட்டம் என்றால் பழைய காலம். என்னைக் கேட்டால் பார்க்க அழகு 64 முதல் 67 வரையிலான படங்கள்தான். எட்டு எக்ஸாஸ்ட் குழாய்களும் மேல்நோக்கி வளைந்து புகையைக் கிழித்துக்கொண்டு நிற்கும். அதற்கு முந்தைய கார்களில் குழாய்கள் தரையைப் பார்த்தபடி இருக்கும்.

ஓட்டுநர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது இன்னொரு தடயம். இன்ஜின் முன்னால், ஆள் பின் அச்சுக்கும் பின்னால் என்றால் பழைய அமைப்பு. அதில் இன்ஜின் வெடித்தால் எண்ணெயும் தீயும் நேரே முகத்துக்குத்தான் வரும். 1970 மார்ச் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து லயன்ஸ் ஸ்ட்ரிப்பில் பிரபல ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் டிரான்ஸ்மிஷன் வெடித்துக் கார் இரண்டாக முறிந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. அடுத்த வருடமே இன்ஜினைப் பின்னால் வைத்த காரோடு வந்து பொமோனாவில் விண்டர்நேஷனல்ஸ் போட்டியை ஜெயித்தார். அதற்கப்புறம் ஓரிரு வருடத்தில் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பின்-இன்ஜின் கார்கள் அதற்கு முன்பும் உண்டு, ஆனால் நேராக ஓட்டுவது பெரும்பாடு.

ஃபன்னி கார் (சாதாரணக் கார் போன்ற உடம்பு மாட்டிய பந்தயக் கார்) என்றால் கதவைப் பார். கதவு திறக்கும் தகர உடம்பு, சக்கரங்கள் மட்டும் முன்னுக்குத் தள்ளியிருந்தால் 65ஐ ஒட்டியது. முழு ஃபைபர்கிளாஸ் உடம்பையும் பின்பக்கக் கீலில் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தியிருந்தால் 66 அல்லது அதற்குப் பிந்தையது. மெர்க்குரி காமெட்கள்தான் அதைப் பிரபலமாக்கின. மஞ்சள் காரிலும் சிவப்புக் காரிலும் 'ஹாட் வீல்ஸ்' என்ற பொம்மைக் கார் பெயர் எழுதியிருந்தால் ஓட்டுநர்கள் ப்ரூடோமும் மெக்யூவனும். 1970க்கு முன் அப்படி எழுத வாய்ப்பில்லை.

லயன்ஸ் 1955இல் திறந்து 1972 டிசம்பர் 2 அன்று கடைசி ஓட்டத்தோடு மூடப்பட்டது. இர்வின் பக்கத்து ஆரஞ்ச் கவுண்டி ஸ்ட்ரிப் 1967 முதல் 1983 வரை. இடத்தை அடையாளம் கண்டால் இந்த ஆண்டுகளே வேலி போட்டுவிடும்.

ஸ்கேன் செய்வதைக் கேட்டிருந்தாய். 4000 டிபிஐ, 16 பிட் டிஃப் கோப்பு போதும். கோடாக்ரோம் (கோடாக்கின் ஒரு வகைக் கலர் ஃபிலிம்) ஸ்லைடுகளுக்கும் கருப்பு வெள்ளை நெகட்டிவ்களுக்கும் ஸ்கேனரின் இன்ஃப்ராரெட் தூசி நீக்கியை அணைத்துவிடு. கருப்பு வெள்ளையில் உள்ள வெள்ளி இன்ஃப்ராரெட்டை மறைக்கும். கோடாக்ரோமிலும் ஒளி சரியாகப் புகாது. இயந்திரம் ஆரக்கம்பியையே தூசி என்று நினைத்து அழித்துவிடும். ரப்பர் பல்பால் ஊதினாலே பாதித் தூசி போகும். கோடாக்ரோமை ப்ரொஜெக்டரில் போட்டு வருவோர் போவோருக்கெல்லாம் காட்டாதே. இருட்டில் வைத்தால் பல பத்தாண்டு தாங்கும், விளக்கு வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். கோடாக்கின் இன்னொரு கலர் ஃபிலிமான பழைய எக்டாக்ரோம் இருட்டிலேயே சிவந்துபோகும் ரகம், அதனால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்.

ஸ்லைடைத் திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாகிவிடும். பக்கவாட்டு எழுத்தைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பாய். ஃப்யூவல் கார்களின் வகுப்புக் குறி 'ஏஏ' என்றுதான் தொடங்கும். அந்த ஆங்கில எழுத்து கண்ணாடியில் பார்த்தாலும் அதேதான்! ஸ்பான்சர் பெயரையோ ஹெல்மெட்டில் உள்ள எழுத்தையோ பார்த்துச் சரிபார். சக்கரம் சாய்ந்த முட்டை வடிவில் தெரிந்தால் காரில் கோளாறு இல்லை, அதைத் திருத்தவும் வேண்டாம். பழைய பெரிய கேமராக்களின் திரை ஷட்டர் மேலிருந்து கீழே நகர்வதற்குள் கார் முன்னே போயிருக்கும்.

கொடியும் விளக்குக் கம்பமும் ஒரே படத்தில் இருக்கிற ஏதாவது கிடைத்தால் அதை மட்டும் முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ரகு