துண்டறிக்கைக் கட்டைப் பிரியுங்கள், அக்கா

அன்புள்ள அக்கா,

வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் நாற்பது வருஷமாகப் பெண்களைத் திரட்டி வருகிறவருக்குப் பெண்ணியம் சொல்லித்தர நாங்கள் யார்? பீரோ மேலே கட்டி வைத்திருக்கும் துண்டறிக்கைகளை மறுபடி ஜெராக்ஸ் போடுவதற்கு முன் ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

'கற்பழிப்பு' வரும் இடமெல்லாம் அடியுங்கள். குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, அவளுடைய 'கற்பு' போனதைப் பேசுகிற சொல் அது. 'பாலியல் வல்லுறவு' போதும். 'தாய்மார்களே' என்ற அழைப்பில் பிள்ளை வேண்டாம் என்றவள் எங்கே நிற்பாள்? 'அனைவரும் வருக' என்று பொதுவாகப் போட்டாலும் திருநங்கைகள் தயங்குவார்கள். 'திருநங்கைகளும் வருக' என்று சொல்லியே கூப்பிடுங்கள்.

கணவனும் அவன் வீட்டாரும் மனைவிக்குச் செய்யும் கொடுமைக்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 498ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86. 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்குப் புது எண், அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய எண். மாற்றிச் சொன்னால் ஸ்டேஷனில் திருப்பி அனுப்ப அதுவே ஒரு சாக்கு. புகார் மனுவில் பிரிவு எண் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நாள், இடம், நடந்தது இருந்தால் போதும். பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய தாளில், உச்ச நீதிமன்றம் அதற்கு வழிமுறைகள் சொன்ன 1997 விசாகா தீர்ப்போடு நின்றுவிடாதீர்கள். அதற்கென்றே வந்த 2013 சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவான கடையிலோ பட்டறையிலோ வேலை பார்ப்பவரும், வீட்டு வேலை செய்பவரும் மாவட்ட உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம். கெடு மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று.

சாதி, இனம், பால் என்று பல பாகுபாடுகள் ஒரே ஆள்மேல் சேர்ந்து விழுவதைச் சொல்லும் 'குறுக்குவெட்டு' என்ற சொல்லைக் கேட்டாலே உங்களுக்கு எரிச்சல் வரும். நியாயம்தான், புரியாமல் வீசுகிறவர்கள் அதிகம். ஆனால் அது பிறந்ததே ஒரு ஆள்குறைப்புத் தகராறில். 1989இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா எடுத்துக்காட்டிய, ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனிமேல் கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு அது. 1964க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்பு என்றதும், 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வெளியே. கோர்ட்டோ, 1964க்கு முன்பே பெண்களை எடுத்திருக்கிறார்களே, பெண் என்பதற்கான பாகுபாடு எங்கே என்றது (எடுத்தது வெள்ளைக்காரப் பெண்களை). இனப் பாகுபாட்டுக்கு வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள், இரண்டையும் கலக்காதே என்றது. புளியந்தோப்பில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கும் பெண்களிடம் இதைச் சொல்லுங்கள், அகராதி வேண்டாம். சாதி பேசும் கூட்டத்தில் 'இது பொம்பளைங்க விஷயம்', பெண்கள் கூட்டத்தில் 'இது சாதி விஷயம்' என்று அவர்களைத் தள்ளிவிட்டவர்களில் நாமும் உண்டு.

கூட்டத்தை 'அந்தக் காலத்துல நாங்க' என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் போனை எடுத்துவிடுவார்கள். முதல் அரைமணி அவர்கள் பேசட்டும். நீங்கள் குறிப்பு மட்டும் எடுங்கள், பதில் பிறகு. வாய் தவறி, ஆணாக வாழும் ஒரு திருநம்பியை 'அவள்' என்றுவிட்டால், 'மன்னிக்கணும், அவர்' என்று திருத்திவிட்டு மேலே போங்கள். நீளமாக வருந்தினால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

திருத்திய தாளின் அடியில் மாதமும் வருஷமும் போடுங்கள். இருபது பிரதி எடுத்து, பேனாவோடு பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆயிரம் பிரதி அப்புறம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டைத் தோழிகள்