மேல்மலைப் புல்வெளிகளைத் தரிசாகக் கணக்கிட்டு மரக்கன்று நடுவதைத் தவிர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
மேல்மலைக் கிராமப் பொதுமக்கள்,
மன்னவனூர், கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: கொடைக்கானல் மேல்மலையில் எஞ்சியுள்ள இயற்கைப் புல்வெளிகளைத் தனி வகையாகப் பதிவு செய்து பாதுகாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஆகிய மேல்மலை ஊர்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் பயிரிட்டும் ஆடு மாடு வளர்த்தும் வாழ்ந்துவரும் நாங்கள், எங்கள் ஊர்களைச் சுற்றி இன்னும் மிஞ்சியிருக்கும் இயற்கைப் புல்வெளிகளில் மரக்கன்று நடுவதை நிறுத்தும்படியும், அந்த நிலங்களைத் ‘தரிசு’ என்ற கணக்கிலிருந்து பிரித்துப் பதிவு செய்யும்படியும் வேண்டி இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் மேல்மலை அடங்கிய பழனி மலைத்தொடரின் உச்சிப் பகுதியில் நீர் ஓடும் மடிப்புகளில், குட்டையான பசுமைமாறா மரங்கள் அடர்ந்த சோலைக்காடும், அதைச் சுற்றிய சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளியும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்து வந்துள்ளன. காட்டை வெட்டியதால்தான் இங்கே புல் வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. இதே அமைப்புள்ள நீலகிரி மலையில், சதுப்பு நிலத்துக் கரிமண்ணை ஆராய்ந்து அறிவியலாளர் ரா. சுகுமாரும் உடன் ஆய்ந்தோரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் கோடரி எடுத்துச் செல்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே அங்கே புல்வெளி இருந்ததையும், காலநிலைக்கேற்பப் புல்லும் சோலையும் மாறி மாறி விரிந்து சுருங்கியதையும் காட்டியது. மார்கழி, தை மாதங்களில் புல்வெளிப் பள்ளங்களில் இறங்கும் உறைபனி, சோலை மரங்களின் இளங்கன்றுகளைக் கருக்கிவிடுவதை நாங்களும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தப் பனியையும் கோடைத் தீயையும் தாங்கி வெட்டவெளியில் தனித்து நிற்கும் மரம் ரோடோடென்ட்ரான் எனப்படும் காட்டுப்பூவரசு ஒன்றுதான் என்று சொல்லலாம்.

தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இந்தச் சரிவுகள் வெறுமையாகத் தோன்றலாம். மழைக்காலத்தின் கடைசியில் அங்கே குனிந்து ஒரு முழ அகல நிலத்தைப் பார்த்தால், புல் தூர்களுக்கு இடையே தரையில் வளரும் ஆர்க்கிட் செடிகள் பூத்திருப்பதையும், நீர் கசியும் இடங்களில் பூச்சியுண்ணும் ட்ரொசீரா தன் சிற்றிலை மயிர்களில் பசைத்துளியை ஏந்தி நிற்பதையும் காணலாம். இவற்றுள் பெரும்பாலானவை முழு வெயிலில் மட்டுமே வாழக்கூடியவை. மரநிழல் விழுந்த இடத்தில் முதலில் மறைவதும் இவைதான்.

கடந்த நூற்றாண்டில் தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் சீகை எனப்படும் வாட்டில், தைல மரம், பைன் ஆகியவை இந்தப் புல்வெளிகளின் மீதே பெருமளவில் நடப்பட்டன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வின்படி, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இதில் மரத்தோட்டங்களோடு காய்கறி விவசாயத்துக்கும் பங்கு உண்டு என்பதை விவசாயிகளாகிய நாங்கள் மறைக்க விரும்பவில்லை. ஆனால் வயல் தன் வரப்போடு நின்றுவிடுகிறது. சீகை அப்படி நிற்பதில்லை. அதன் கெட்டித் தோல் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, தீயோ மண்வெட்டியோ பட்டதும் கூட்டமாக முளைக்கின்றன. அடர்ந்த சீகைத் தோப்புக்குள் நுழைந்தால் உதிர்ந்த சருகுக்கு அடியில் பழைய புல்லின் தடயம்கூடக் கிடைப்பதில்லை. 2018-இல் பூத்து முடிந்த குறிஞ்சியின் விதையிலிருந்து வந்த செடிகள் 2030-இல் பூக்க வேண்டுமானால், அவை நிற்கும் சரிவுகள் அதுவரை வெயில் படும் நிலமாக இருந்தாக வேண்டும்.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் அரசின் நோக்கத்தை நாங்கள் மனமார வரவேற்கிறோம். எங்கள் கவலையெல்லாம், கன்று நட இடம் தேடும்போது வருவாய்க் கணக்கில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்டிருக்கும் புல்வெளிகளே முதலில் காட்டப்படுகின்றன என்பதுதான். எங்கள் பகுதியிலேயே நல்ல புல் நின்ற சரிவு ஒன்றில் கன்றுகளுக்காக வரிசையாகக் குழி தோண்டப்பட்டது. கன்றுகள் பனியில் கருகின, கிளறப்பட்ட மண்ணில் இப்போது சீகை முளைத்து நிற்கிறது.

அயல் மரங்களை அகற்றுவதிலும் நிதானம் வேண்டும். சோலையை ஒட்டிய பழைய சீகை, பைன் தோப்புகள் சிலவற்றில் அந்த நிழலிலேயே நாவல் இனங்களும் பிற சோலை மரங்களும் தாமாக எழுந்து வருகின்றன. அங்கே இயந்திரத்தை இறக்கி ஒட்டுமொத்தமாக வெட்டினால் இளஞ்சோலையும் சேர்ந்து அழியும். புல்வெளியின் ஓரத்தில் இப்போதுதான் பரவத் தொடங்கியுள்ள சீகைக் கன்றுகளோ விதை விடும் முன்பு கையாலேயே பிடுங்கக்கூடியவை. குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் வேலை அதுவே. அது ஒரே பருவத்தில் முடிவதன்று, ஆண்டுதோறும் தொடர வேண்டியது.

ஆகவே, கொடைக்கானல் வட்டத்தில் எஞ்சியுள்ள இயற்கைப் புல்வெளிகளை வருவாய்த்துறையும் வனத்துறையும் தாவரவியல் அறிஞர்களும் சேர்ந்து நேரில் அளந்து, ‘இயற்கைப் புல்வெளி’ எனத் தனியே பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். அப்பணி முடியும்வரை எந்தத் திட்டத்தின் கீழும் அந்நிலங்களில் கன்று நடக்கூடாது என ஊராட்சிகளுக்கும் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பவும், ஊடுருவும் அயல் தாவரங்கள் குறித்து அரசு 2022-இல் வெளியிட்ட கொள்கையின்படி புல்வெளி ஓரச் சீகைக் கன்றுகளை அகற்றும் வேலையை எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் பளியர் பழங்குடிக் குடும்பங்களுக்கும் கூலி வேலையாக வழங்கவும், சீகை விறகை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகளுக்கு வெட்டிய மரத்தில் ஒரு பங்கை ஒதுக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அளவீட்டுக்கு அலுவலர்கள் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், ஒவ்வொரு சரிவின் பழைய நிலையையும் அறிந்த ஊர்ப் பெரியவர்களோடு நாங்கள் உடன் வந்து இடங்களைக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்மலைக் கிராமப் பொதுமக்கள்

இடம்: மன்னவனூர்
நகல்: மாவட்ட வன அலுவலர், கொடைக்கானல் வனக்கோட்டம்