முள்ளெலி வேறு, முட்சுண்டெலி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு சிறுவர் பக்கத்தில் 'இலங்கைக்கே உரிய முள்ளெலி' என்ற துணுக்கைப் பார்த்தேன். 'ஆபத்து வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும்' என்று எழுதி, சுருண்டு கிடக்கும் ஒன்றின் படமும் போட்டிருக்கிறீர்கள். நல்ல படம். தமிழ்நாட்டு வறண்ட காட்டு முள்ளெலி. எங்கள் தீவில் இயற்கையாக முள்ளெலியே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நீங்கள் சொல்ல வந்தது முட்சுண்டெலி, விஞ்ஞானப் பெயர் மஸ் ஃபெர்னாண்டோனி. வீட்டுச் சுண்டெலியின் சொந்தக்காரன். 1932இல் பிலிப்ஸ் என்ற தேயிலைத் தோட்டத்துரை விவரித்தது. அது எங்கே பந்தாகச் சுருள்வது? முள் என்பதும் முதுகில் படிந்து கிடக்கும் விறைத்த மயிர்தான். ஊவாவில் 14 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். பூனை கடித்துப்போட்ட ஒன்றை ஒரு மாணவன் பால்மாப் பேணிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் சாதாரணச் சுண்டெலி. வாலிலிருந்து தலைக்குத் தடவினேன், விரலில் குத்தியது. இதற்கு நான் வேறு ஆதாரம் தேடத் தேவையில்லை.

இது முதல் தடவையும் அல்ல. மூஞ்சூறின் படத்தைப் போட்டு 'எலிக்குஞ்சு' என்றீர்கள். அது எலி இனமே அல்ல என்று எழுதினேன், பிரசுரிக்கவில்லை. யானைக்கும் சிறுத்தைக்கும் முழுப் பக்கம். எலி என்றால் எலிக்காய்ச்சல் காலத்தில் மட்டும் ஞாபகம் வரும். உலகில் வேறெங்கும் இல்லாத, அழியும் ஆபத்தில் உள்ள ஒன்றுக்கு நீங்கள் ஒதுக்கியது நாலு வரி; அதிலும் மூன்று பிழை. துரை அதைப் பிடித்து அளந்து எழுதினார். நாங்கள் 90 வருடத்துக்குப் பிறகும் இன்னொரு நாட்டு விலங்கின் படத்தை ஒட்டுகிறோம். ஒட்டுகிறோம் என்று சும்மா சொல்லவில்லை. என் பேத்தி அதை வெட்டிச் சூழல் கொப்பியில் ஒட்டிவிட்டாள். 'பேப்பரில இருக்கே தாத்தா' என்கிறாள். 14 வருட அனுபவம் பேப்பருக்கு முன்னால் எம்மாத்திரம், சரி.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். சரியான படம் கிடைக்காவிட்டால் படமே வேண்டாம். பேத்தி கொப்பியை 20ஆம் திகதி கொடுக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பதுளை

பி.கு.: குறுக்கெழுத்துப் போட்டிக்கான 500 ரூபா பரிசு இன்னும் வந்து சேரவில்லை.