கரடிக்குப் பசியாற்றியவன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் காரணமெல்லாம் சொல்லப் போவதில்லை, வீட்டில் 25 நாள் குழந்தை ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், மீதியை நீயே புரிந்துகொள். ஆமாம், தங்கச்சிக்குப் பெண் பிறந்துவிட்டது. மூத்தவனையும் கூட்டிக்கொண்டு இங்கேதான் வந்திருக்கிறாள். ராத்திரி, பகல் எல்லாம் ஒன்றாகிவிட்டது. இப்போதுகூட ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகும் நீ மூன்றாவது மாடிக்கு நடந்தே போவதாக உன் மகன் போனில் போட்டுக்கொடுத்துவிட்டான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதுகிற குழந்தைகளுக்கான டிவி கார்ட்டூன் தொடரில் அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற காட்சியை மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். "கையில் ஒரு பால் புட்டியைக் கொடுத்துவிடலாமே, படத்தில் நாலு கோடுதானே மாற்றணும்" என்றார்களாம். நீ கோபத்தில் இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில், ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று கேட்டிருந்தாய் பார், அந்தக் கடைசி வரியைப் படித்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாம் வகுப்பிலும் நீ இப்படித்தான், சண்டையில் ஜெயித்த பிறகு போய் மன்னிப்புக் கேட்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்ததைக் கேள். குழந்தையைப் பார்க்கச் சித்தப்பா வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள், தங்கச்சி அங்கேயே சுவர்ப் பக்கம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்கினாள். சித்தப்பாவுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் டிவியில் வைத்தார். அதில் ஒரு தாய்ப்பன்றி படுத்திருக்கிறது, பத்துப் பன்னிரண்டு குட்டிகள் வரிசையாக முட்டி மோதிக் குடிக்கின்றன. பிறந்த சில நாளிலேயே எந்தக் குட்டிக்கு எந்தக் காம்பு என்று முடிவாகிவிடுமாம், அப்புறம் மாறாதாம். சித்தப்பா அதை ரசித்து ரசித்துப் பார்த்தார், "என்ன ஒழுங்கு பாரேன்" என்று என்னைக் கூப்பிட்டு வேறு காட்டினார். அந்த நேரம் பார்த்து மூத்தவன், நாலு வயது, அவன் அம்மா பக்கத்தில் அதே மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டையைத் தூக்கித் தன் கரடி பொம்மையின் மூக்கை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டான். முகத்தை ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கரடி முதுகைத் தட்டுகிறான். சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "டேய், அசிங்கம், சட்டையை இறக்கு!"

பையன் சட்டையை இறக்கிவிட்டுக் கேட்டான், "கரடிக்குப் பசிக்காதா?"

அந்த வீட்டில் அன்றைக்கு வெட்கப்பட்டது ஒரே ஒருவர்தான், அவருக்கு வயது 67. அசிங்கம் என்று ஒன்று இருப்பதே பையனுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது, அதுவும் பெரியவர் ஒருவர் சொல்லித்தான். பன்றி பால் கொடுத்தால் அறிவியல், அம்மா கொடுத்தால் அசிங்கம் என்று நாலு வயதில் எப்படி அவன் பிரித்துப் பார்ப்பான்? இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் 'மனிதன் ஒரு பாலூட்டி' என்று எழுதச் சொல்லி மார்க் போடுவார்கள். நம் இனத்துக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா, நாலுகால் பிராணிகள் என்று இருந்த வகையை மாற்றி 1758-ல் லின்னேயஸ் 'மம்மாலியா' என்று வைத்தார், 'மம்மா' என்றால் லத்தீனில் முலை. அந்தச் சொல்லைப் பார், நான் எழுதிவிட்டு ஒரு நிமிஷம் யோசிக்கிறேன், அடித்துவிடலாமா என்று. பழைய பாட்டில் எல்லாம் கூச்சமில்லாமல் வருகிற சொல். நாம் பேசும்போது 'பால் கொடுக்கிறாள்' என்போம், 'பசியாத்திட்டு வரேன்' என்போம், எதிலிருந்து என்பதை மட்டும் விழுங்கிவிடுவோம். பசியாற்றுவது என்பது அழகான வார்த்தைதான், அதைக் குறை சொல்லவில்லை.

குழந்தைகள் கேள்வி கேட்பார்கள், பெற்றோர் என்ன பதில் சொல்வார்கள் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். இதற்குப் பதில் 1977-லேயே ஒளிபரப்பாகிவிட்டது. அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் பாடகி பஃபி செயின்ட் மேரி தன் சொந்தக் கைக்குழந்தைக்கு உண்மையாகவே பால் கொடுத்துக்கொண்டிருப்பார், அந்த மஞ்சள் பறவை பிக் பேர்ட் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும். குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கிறேன், என் மார்பிலிருந்து பால் குடிக்கிறான் என்பார். இது வேடிக்கையான வழியாக இருக்கிறதே என்று பறவை சொல்லும். நிறைய அம்மாக்கள் இப்படித்தான் கொடுப்பார்கள், எல்லா அம்மாக்களும் இல்லை, ஆனால் நிறையப் பேர் என்பார். சூடாக, இனிப்பாக இருக்கும், அவனுக்கு நல்லது, எனக்கும் அவனைக் கட்டிக்கொள்ள முடிகிறதே என்பார். அவ்வளவுதான் காட்சி. ஒரு நிமிஷத்துக்குச் சொச்சம்தான் இருக்கும். மார்பு பெரிதாகக் கண்ணில் படுவதுகூட இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் என்னடி தெரிய வேண்டும்?

எனக்கு இதில் உறுத்துகிற விஷயம் வேறொன்று. வெட்கம், மானம் எல்லாம் கிடக்கட்டும், பால் கொடுப்பது தானாக வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது பாதிதான் உண்மை. பால் தானாகச் சுரக்கும், கொடுப்பது பார்த்துப் படிக்க வேண்டியது. வர்ஜீனியாவில் மெட்ரோ ரிச்மண்ட் உயிரியல் பூங்காவில் ஸோயி என்று ஓர் ஒராங்குட்டான், குட்டியிலேயே தாயை இழந்தது, அதனால் எதையும் பார்த்து வளரவில்லை. 2021-ல் பிறந்த முதல் குட்டியை அது கவனிக்கவே இல்லை, ஆட்கள்தான் வளர்க்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் இரண்டாவது பிறந்தது, தூக்கி வைத்துக்கொண்டது, பால் கொடுக்க மட்டும் தெரியவில்லை. அங்கே வேலை செய்கிற ஒரு பெண், அவளும் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள், தன் குழந்தையோடு வந்து அதன் எதிரில் உட்கார்ந்து கொடுத்துக் காட்டினாள். ஸோயி பார்த்துக்கொண்டே இருந்ததாம். ஒரு நாளுக்குள் தன் குட்டிக்குக் கொடுத்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் நானும் ஸோயிதான். 26 வயதில் எனக்கு முதல் பிரசவம். அதுவரை பால் கொடுப்பவர்களைத் தூரத்திலிருந்து, துணிக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன், குழந்தை எப்படி வாய் வைக்கும் என்று பார்த்ததே கிடையாது. காம்பை மட்டும் வாயில் திணித்தேன். நாலாம் நாள் வெடித்து ரத்தம் வந்தது, பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது, காய்ச்சல் வேறு. எனக்குப் பால் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் ஒரு நர்ஸம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, கருவட்டமும் சேர்த்து உள்ளே போகிற மாதிரி சட்டென்று அணைத்து வைத்தார். தாடை மார்பில் படுகிறது, கீழ் உதடு வெளியே மடங்கியிருக்கிறது, மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்கிறது. முழுசாக இரண்டு நிமிஷ வேலை. இந்த இரண்டு நிமிஷத்தை நான் 26 வருஷத்தில் எங்கேயாவது ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, எல்லாச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள். சுவரொட்டி வாய் வைக்கச் சொல்லித் தருமா?

உங்கள் தொடர் வாய் வைக்கச் சொல்லித் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது குழந்தைகள் வேலையும் இல்லை. இப்படி ஒன்று உலகத்தில் நடக்கிறது, ஜன்னலோரம், பகலில், யாரும் முகத்தைத் திருப்பாமல் நடக்கிறது என்பது மனதில் பதிந்தால் போதும். இப்போது பதிந்திருப்பது புட்டி. குழந்தை என்று படம் போட்டால் பக்கத்தில் புட்டி, பொம்மை வாங்கினால் கூடவே குட்டிப் புட்டி. 1981-லேயே உலக சுகாதாரப் பேரவையில் நாடுகள் கூடி, தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொடிக்கும் பால் புட்டிக்கும் அதன் ரப்பர் காம்புக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் கூடாது என்று விதித்தொகுப்பு போட்டார்கள். உன் ஆட்கள் நாலு கோட்டை மாற்றி அந்த விளம்பரத்தைச் சும்மாவே செய்து கொடுக்கிறார்கள், காசுகூட வாங்காமல். இதன் மறுபக்கத்தையும் கேள். ஸ்பெயினில் ஒரு பொம்மை கம்பெனி பால் குடிக்கிற பொம்மை செய்தது. பிள்ளை ஒரு சின்ன மேல்சட்டை போட்டுக்கொள்ளும், அதில் மார்பு இருக்கும் இடத்தில் இரண்டு பூ, பொம்மையை அருகில் கொண்டுபோனால் சப்பும் சத்தம் வரும். அமெரிக்காவில் விற்க வந்தபோது என்ன கூச்சல்! அந்தக் கூச்சல் எனக்கு அப்படியே சித்தப்பா குரலில்தான் கேட்கிறது. ஆனாலும் பேட்டரி போட்ட பூ எனக்கும் வேண்டாம்தான், கரடியும் பழைய பனியனும் போதும்.

இரண்டு இடத்தில் உன் ஆட்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிஜமான பெண் ஒருத்தி பால் கொடுப்பதைப் படம் பிடித்தால், இன்றைக்கு அதை வெட்டி எடுத்து எங்கெங்கோ போட்டு அசிங்கப்படுத்த ஆட்கள் இருக்கிறார்கள். 1977-ல் அந்தப் பயம் இவ்வளவு இல்லை. அந்தப் பெண்ணிடம் போய்ச் சமூகத்துக்காகத் தாங்கிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உன் தொடர் வரைந்த படம், வரைந்த அம்மாவுக்கு என்ன கஷ்டம் வந்துவிடும்?

இன்னொன்று, உன்னிடம் எழுதத் தயங்கித்தான் மூன்று வாரம் தள்ளினேன் போல. உன் மகன் 32 வாரத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததும், நீ பீய்ச்சிப் பீய்ச்சிப் பார்த்துக் கால் கிண்ணம்கூட வராமல் பால் பொடிக்கு மாறியதும், அதற்கு அப்புறம் ஒரு வருஷம் யார் பால் கொடுப்பதைப் பார்த்தாலும் எழுந்து போனதும் எனக்கு மறந்துவிடவில்லை. அவன் இன்று ஆறடி வளர்ந்து உன்னைப் போனில் போட்டுக்கொடுக்கிறான். தத்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள், அப்பா மட்டுமே வளர்க்கிற வீடு இருக்கிறது. டிவி பார்த்துவிட்டு ஒரு பிள்ளை 'எனக்கும் இப்படிக் கொடுத்தியா?' என்று கேட்டால் சுருக்கென்று குத்துமா குத்தாதா? குத்தும். அதனால்தான் எல்லா அம்மாக்களும் இல்லை என்று அந்தப் பாடகி போகிற போக்கில் சொன்ன நாலு வார்த்தையை நான் பெரிதாக நினைக்கிறேன். புட்டியை ஒளிக்காதே. வேறொரு காட்சியில் பக்கத்து வீட்டு அப்பா தோளில் துண்டு போட்டுக்கொண்டு புட்டியில் கொடுக்கட்டும், ஏப்பம் வரும்வரை முதுகில் தட்டிக்கொண்டே உலாத்தட்டும். புட்டி இருக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை, அது மட்டுமே இருப்பதுதான் பிரச்சினை.

அப்புறம், நீ எழுதிய காட்சியில் எனக்கு ஒரு குறை. டாக்டர் அத்தை வந்து தாய்ப்பாலின் நன்மைகளைச் சொல்கிறாளே, அவளைத் தூக்கிவிடு. அங்கேதான் பிள்ளைகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். பெரியவள் தன் இன்னொரு காலுறையைக் காணோம் என்று வீடெல்லாம் கலைத்துக்கொண்டிருக்கிறாள் இல்லையா, அதுவே கதையாக இருக்கட்டும். அம்மா பால் கொடுத்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "கட்டிலுக்குக் கீழே பார்த்தியா?" என்று கேட்கட்டும். துணி போட்டு மூடவும் வேண்டாம், அருகில் போய்க் காட்டவும் வேண்டாம். பால் கொடுப்பதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்படி எழுதிக் கொடுத்துப் பார், மாற்றச் சொல்ல அவர்களுக்கு வசனத்தில் ஒன்றும் அகப்படாது, படத்தைத்தான் காட்டிப் பேச வேண்டும். எது அசிங்கம் என்று அவர்களே வாய் திறந்து சொல்லட்டுமே.

மறுபடி திருத்தி எழுதினால் எனக்கு அனுப்பு, மூத்தவனுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவன் கரடியை விட்டுவிட்டான், நேற்றிலிருந்து பொம்மை லாரிக்குப் பசியாற்றிக்கொண்டிருக்கிறான். சித்தப்பா மறுபடி வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.

தொட்டில் அசைகிறது, எழுந்துவிட்டாள். முட்டிக்கு எண்ணெய் மட்டும் போதாது, லிஃப்டில் போ.

உன்
மல்லிகா