வேலையை விட்டு பிஎச்.டி. சேரப்போகும் மகளுக்கு

மக்களே,

நேற்று போனில் நீ சொன்னதை அப்பாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "அப்போ இனி சம்பளம்?" முதல் 2 வருடம் மாதம் 37,000, அதன்பிறகு 42,000 உதவித்தொகை வரும் என்றேன். குஜராத்தில் தஹேஜ் ஃபேக்டரியில் இப்போது நீ வாங்குவதைவிடக் குறைவுதான், ஆனாலும் ஒருத்திக்குப் போதும், நீ அனுப்பித்தான் இங்கே அடுப்பெரிய வேண்டும் என்றில்லை. பணத்தைப் பற்றி அவ்வளவுதான்.

எனக்கு இடிப்பது வேறு. ஏன் போகிறாய் என்று கேட்டதற்கு நைட் ஷிஃப்ட் அலுத்துவிட்டது, கண்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்தே வயசாகிறது என்றாய். அலுப்பு என்பது வேறு வேலை தேட நல்ல காரணம், ஒரே கேள்வியோடு ஐந்தாறு வருடம் குடித்தனம் நடத்த அது போதாது. லேபிலும் ராத்திரி உண்டு. உன் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பரிசோதனை என்றால் பெரும்பாலும் செட்டப்பையே நீதான் கட்டவேண்டும். ஒரு பம்ப் ஆர்டர் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, அது வந்தபிறகு எந்த ஃபிட்டிங்கில் கேஸ் கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் தடவித் தடவி முட்டை கிளம்புகிறதா என்று பார்த்து, எல்லாம் அடைத்து ஓட்டினால் இன்றைய ரீடிங் நேற்றைய ரீடிங்கோடு ஒத்துப்போகாது. அந்த நேரத்தில் "இது ஏன் இப்படி வருகிறது?" என்று உனக்குத் தோன்றினால் சரி. "ஐயோ" என்று மட்டும் தோன்றினால் கஷ்டம்.

அந்த "ஏன்" உனக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். பிளஸ் டூ படிக்கும்போது நம் ரப்பர் ஷீட்டை வியாபாரி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நடுவில் வெள்ளைத் திட்டு கிடக்கிறது, உள்ளே காயவில்லை என்று கிரேடைக் குறைத்து விலை போட்டாரே. ஷீட்டைக் காயவைக்கும் புகைப்புரையில் விறகு பற்றவில்லை என்று அப்பா சொன்னார், நீ ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளியிலிருந்து நான் வாங்கி வந்த ஸ்குரூ கேஜை வைத்து ஷீட் ஷீட்டாக அளந்தாய். ஷீட் அடிக்கும் ரோலரின் இடைவெளி அகன்றுபோய்க் கனமாக வந்தவைதான் திட்டு விழுந்தவை எல்லாம். மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், நடுவில் மாட்டிய தண்ணீர் ரப்பருக்குள்ளே ஊர்ந்து ஊர்ந்துதான் வெளியே வரவேண்டும், அதற்கான நேரம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும், கனம் 2 மடங்கானால் நேரம் 4 மடங்கு என்று பிறகு காலேஜில் படித்துவந்து நீதான் எனக்குச் சொன்னாய். நான் கெமிஸ்ட்ரி டீச்சர், ரப்பர் பாலில் ஃபார்மிக் ஆசிட் விட்டால் ஏன் உறைகிறது என்பதுவரை எனக்குத் தெரியும்: ரப்பர் துகளைச் சுற்றியிருக்கும் எதிர் மின்னூட்டத்தை ஆசிட் அடக்கிவிடும், விலகி விலகி நின்றவை ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரை எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு சூட்டில், எவ்வளவு விறகில் வெளியேற்றுவது என்பது உன் படிப்பு. அப்பா அன்றைக்கே ரோலரை முடுக்கினார், வாயால் ஒத்துக்கொண்டதில்லை, அது வேறு விஷயம்.

சரி, இடம். ஒன்று வடக்கே ஐ.ஐ.டி., மற்றது திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் இருக்கும் மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடம், ஆர்.ஆர்.எல். (பெயர் மாறி வருஷம் பல ஆச்சு, இங்கே யாருக்கும் வாயில் வரவில்லை). களியக்காவிளையில் பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், அப்புறம் பாப்பனங்கோடுதான் என்று உன் மாமி கணக்குப் போட்டுவிட்டார், ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளை மரச்சீனியும் மீன்கறியும் தின்ன வந்துவிடுமாம். வீடு பக்கம் என்பதற்காக அதை எடுக்காதே. ஐ.ஐ.டி. என்ற பெயருக்காக இதையும் எடுக்காதே. கைடு யார் என்று பார். அவர் லேபில் நாலாம் வருடம் இருக்கும் பிள்ளைகளை, அவர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டுப் பேசு: இதற்கு முன்னால் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள், கருவி லேபிலேயே இருக்கிறதா அல்லது வேறு டிபார்ட்மென்டில் வரிசையில் நிற்கவேண்டுமா, ஒரு டிராஃப்டைக் கொடுத்தால் அவர் எப்போது படித்துத் தருவார். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. நம் தெருவில் ஒரு பையன் வேலை எல்லாம் முடித்துவிட்டு, எழுதிக் கொடுத்த அத்தியாயம் திரும்பி வராமல் ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தான்.

கல்யாணப் பேச்சும் வந்தது, வராமல் இருக்குமா. மார்கரெட் ஹட்சின்சன் கதையை மாமிக்குச் சொன்னேன். அமெரிக்காவில் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண், எம்.ஐ.டி.யில், 1937-இல். வாயு திரவத்தில் கரைவதைப் பற்றித்தான் ஆய்வு. பிறகு உலகப் போர் சமயத்தில் பெனிசிலினைப் பெரிய தொட்டிகளில் தயாரிக்கும் முதல் ஆலையை வடிவமைத்தார். 1939-இல் கூட வேலை பார்த்த இன்ஜினியரையே கட்டிக்கொண்டார். மாமிக்கு அந்த 1939 மட்டும்தான் காதில் விழுந்தது. எனக்குப் பிடித்தது அந்தப் பெனிசிலின். ஆய்வில் எடுத்தது ஒன்று, பிறகு கைகொடுத்தது இன்னொன்றுக்கு. அதனால் நம் வீட்டுத் தொழில் என்று நினைத்து ரப்பரையே தலைப்பாக எடுக்கவேண்டாம். பேட்டரியோ, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெம்பிரேனோ, உனக்குத் தூக்கம் கெடுப்பது எதுவோ அதை எடு.

நடுவில் முடியவில்லை என்றால் விட்டுவிட்டு வா, ஊர் ரெண்டு வாரம் பேசும்.

அப்புறம், நோட்டீஸ் பீரியட் 3 மாதம் என்றாய். ஜூலையில் சேரவேண்டும் என்றால் இந்த மாதமே எழுதிக் கொடுக்கவேண்டும், ஆனால் சேர்க்கைக் கடிதம் கைக்கு வராமல் கொடுத்துவிடாதே. பி.எஃப். பணத்தை எடுக்காமல் அப்படியே போட்டுவை. அனுபவச் சான்றிதழை ஒரிஜினலாக வாங்கிக்கொள், மெயிலில் அனுப்புகிறோம் என்பார்கள், கேட்காதே. கைடிடம் பேசியதும் எனக்குச் சொல்லு.

அம்மா