வானிலைக் குறியீடுகளைத் தமிழில் விளக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் அண்டைத் தீவான ரீயூனியனிலிருந்து வரவிருந்த என் தங்கையின் விமானம் மழையால் தாமதமானபோது, காரணம் தேடிய என்னிடம் என் மகன் கைப்பேசியில் விமான நிலைய வானிலை அறிக்கையின் ஒரு வரியைக் காட்டினான்: "12018ஜி30கேடி 3000 +எஸ்எச்ஆர்ஏ பிகேஎன்012". தட்டச்சுப் பிழை என்றே முதலில் நினைத்தேன்.

காற்று 120 பாகைத் திசையிலிருந்து 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்தில் வீசுகிறது, இடையிடையே 30 நாட் வரை சீறுகிறது, பார்வைத் தொலைவு 3000 மீட்டர், விட்டுவிட்டுப் பெய்யும் கனமழை, 1200 அடி உயரத்தில் வானத்தின் எட்டில் ஐந்து முதல் ஏழு பங்கை மேகம் மூடியுள்ளது என்பதே அதன் பொருள். இத்தனையும் ஒரே வரியில் அடங்கியிருப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

மொரீசியஸ் தமிழராகிய நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. மென்மூடுபனிக்குரிய பிஆர், ஆலங்கட்டிக்குரிய ஜிஆர், புகைக்குரிய எஃப்யூ ஆகியவை ப்ரூம், க்ரெல், ஃப்யூமே என்னும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தவை. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் மனப்பாடம் செய்ய வேண்டியதை நம் பிள்ளைகள் பள்ளிப் பிரெஞ்சிலேயே கண்டுகொள்வார்கள். ஆனால் நேரத்தில் பலரும் தவறுகிறார்கள். "0600இசட்" என்பது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்தில் அது காலை 10 மணி.

புயல் காலம் தொடங்கும் நவம்பருக்கு முன், இக்குறியீடுகளின் தமிழ் விளக்கத்தைத் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்