விற்பனை விளம்பரத்தில் எஞ்சின் ஆண்டையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் பழைய டிரக்குகள் விற்பனைக்கு வருகின்றன. "2009 மாடல், நல்ல கண்டிஷன், விலை பேசலாம்" என்பதோடு விளம்பரம் முடிந்துவிடுகிறது. கம்பனி வண்டி ஓட்டிச் சேர்த்த பணத்தில் முதன்முதலாகச் சொந்த டிரக் வாங்க நினைப்பவருக்கு அந்த ஒரு வரி போதாது. பழசா புதுசா என்று பேசும்போது எல்லோரும் விலையையும் மாதத் தவணையையுமே பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் எந்தக் காலத்தது என்பதை.

கேட்டர்பில்லர் 3406இ, கம்மின்ஸ் என்14, பழைய டெட்ராய்ட் சீரிஸ் 60 போன்ற எஞ்சின்களில் இஜிஆரும் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) இல்லை, புகை வடிகட்டியும் இல்லை. 2002-04 வாக்கில் பெரும்பாலான எஞ்சின்களுக்கு இஜிஆர் வந்தது. அமெரிக்காவின் 2007 புகை விதியால், கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்தது. 2010 விதியால், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியாக் கரைசலான டெஃப் திரவம் வந்தது. விலை மலிவு என்று பலர் போய் விழுவது 2008 முதல் 2012 வரையிலான வண்டிகளில்தான். வயதின் தேய்மானமும் உண்டு, முதல் தலைமுறைப் புகைக் கருவிகளின் கோளாறும் உண்டு. என் கருத்தில் புதியவர் தொடவே கூடாதது இந்த நடுக்காலத்து வண்டி.

காரணம் இது. இஜிஆருக்குப் போகும் புகையைக் குளிர்விக்கும் கூலர் உள்ளே வெடிப்பு விட்டால், கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) புகையோடு கலந்து எஞ்சினுக்குள் போகிறது. தரையில் ஒரு சொட்டு விழாது, டாங்கியில் மட்டும் அளவு குறைந்துகொண்டே போகும். அந்தக் கூலன்ட் வடிகட்டியில் போய்ப் படிந்து அடைக்கும். வண்டி திரும்பத் திரும்ப ரீஜென், அதாவது வடிகட்டியைச் சூடாக்கிக் கரியை எரிக்கும் வேலை, கேட்கும். வடிகட்டிதான் கெட்டது என்று அதை மாற்றுகிறார்கள். கூலரை அப்படியே விட்டதால் புதிய வடிகட்டியும் சில வாரங்களில் அதே கதிக்கு ஆளாகிறது. எது முதலில் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் பாகம் மாற்றுவதுதான் பணத்தைத் தின்கிறது.

வடிகட்டியில் சேரும் கரி, 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிந்துவிடும். எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்தில் புகை போதிய சூட்டோடு வருவதால் கரி தானாகவே எரிகிறது. நகருக்குள் கன்டெய்னர் இழுப்பவருக்கும், இரவெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குபவருக்கும் அந்தச் சூடு கிடைக்காது. புதிய டிரக் யாருக்கு ஒத்துவரும் என்பதை இதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. டெஃப் -11 டிகிரியில் உறையும். அதற்கான ஹீட்டரோ, நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சரோ கெட்டு, எச்சரிக்கையைக் கவனிக்காமல் விட்டால், வண்டி மணிக்கு 5 மைல் வேகத்துக்குக்கூட இறங்கிவிடலாம். இந்தப் புகைக் கருவிகளைக் கழற்றி எறிந்த 'டிலீட்' வண்டியை வாங்கவே வேண்டாம். அமெரிக்காவில் அது சட்டவிரோதம், ஒன்ராறியோ மாகாணத்தின் டிரைவ்ஆன் வாகனச் சோதனையிலும் தேறாது.

கணக்குக்கு வருவோம். ஆண்டுக்கு 120,000 மைல். பழையது கலனுக்கு 6 மைல், புதியது 7.5 மைல் என்று வைத்தால் 20,000 கலனுக்குப் பதில் 16,000 கலன். கலன் 4 டாலர் என்றால் 16,000 டாலர் மிச்சம். டெஃப் சுமார் 400 கலன் போகும், அதற்கும் அதே விலை போட்டு 1,600 டாலரைக் கழித்தால் மாதம் 1,200 டாலர் கையில் நிற்கும். புதிய வண்டியின் தவணை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வரும், லோட் இல்லாத மாதத்திலும் கட்டியாக வேண்டும். பழைய வண்டிக்குத் தவணை இல்லை. ஆனால் மைலுக்கு 15 சென்ட் தனியாக எடுத்துவைக்க வேண்டும், அதுவே ஆண்டுக்கு 18,000. லைனர், பிஸ்டன், பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் மாற்றும் இன்ஃப்ரேம் வேலை வந்தால் அந்தப் பணமும் போதாமல் போகலாம். வாங்கிய பிறகு கையில் பணம் மிஞ்சாதவர் பழைய வண்டி பக்கம் போகாமல், பராமரிப்புப் பதிவுகள் முழுதும் உள்ள மூன்று நான்கு வயது வண்டியைத் தேடுவது நல்லது. புகைக் கருவிகளுக்குச் சட்டப்படி கிடைக்கும் வாரன்டி 5 ஆண்டு அல்லது 100,000 மைல், எது முந்துகிறதோ அது. நீண்ட ஓட்டக்காரருக்கு அது முதல் ஆண்டிலேயே முடிந்துவிடும் என்பதால் கூடுதல் வாரன்டியின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

எங்கே ஓடப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் 2010 அல்லது அதற்குப் பிந்தைய எஞ்சின் வேண்டும். 2000-க்கு முந்தைய எஞ்சினுக்கு அமெரிக்காவில் இஎல்டி (ஓட்டுநரின் வேலை நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி) விலக்கு உண்டு. கனடாவில் எஞ்சினைப் பார்ப்பதில்லை, வண்டி தயாரான ஆண்டுதான் கணக்கு. புதிய உடலில் பழைய எஞ்சின் பூட்டிய கிளைடர் வாங்கி எல்லை தாண்டி ஓடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்தே இருக்கட்டும் என்று விற்பவரிடம் முன்பே சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கவிழ்த்து அந்த வாயின் மேல் வையுங்கள். மூடி துள்ளி விழுந்தால் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். எண்ணெய் மாதிரியை ஆய்வுக்கு அனுப்புங்கள். சோடியமோ பொட்டாசியமோ கூடுதலாக இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், சிலிக்கன் கூடியிருந்தால் தூசி போயிருக்கலாம். இசிஎம் (எஞ்சினின் கணினி) பதிவை எடுத்து, மொத்த எஞ்சின் மணியில் வண்டி நின்றபடி சும்மா ஓடிய மணி எவ்வளவு என்று பாருங்கள். பிறகு அடியில் படுத்து ஃபிரேமைப் பாருங்கள். நம் சாலைகளில் குளிர்காலத்தில் தூவும் உப்பு, இரட்டை ஃபிரேம் தகடுகளுக்கு இடையே துருவாகி அவற்றைப் பிதுக்கிவிடும். எஞ்சினை மாற்றலாம், பிதுங்கிய ஃபிரேமுக்குச் செலவழிப்பது வீண்.

எஞ்சின் பெயர், எஞ்சின் ஆண்டு, எஞ்சின் மணி, புகைக் கருவிகள் அப்படியே உள்ளனவா என்ற நான்கையும் டிரக் விளம்பரம் தருபவர்களிடம் கேட்டுப் போடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரி கூடுதலாக இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபுறோ